சொந்தப் படகா, வாடகைப் படகா? மும்பைத் தமிழ் டைவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

செம்பூர், மாட்டுங்கா, முலுண்டு, வாஷி என்று மும்பையில் சிதறிக் கிடக்கிற நம் ஆட்களில் ஸ்கூபா பழகியவர்கள் இப்போது கணிசமாகவே இருக்கிறார்கள். ஓப்பன் வாட்டர் என்கிற ஆரம்பநிலை கோர்ஸ் முடித்து ஒரு சீசன் போனதும் எல்லோருக்கும் அதே யோசனை வந்துவிடுகிறது: ஒவ்வொரு தடவையும் சீட்டுக்குக் காசு கொடுப்பதற்கு ஒரு படகையே வாங்கிவிட்டால் என்ன? வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு பதில் தட்டித் தட்டி அலுத்துவிட்டது, அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். நான் பெரும்பாலும் 'படகு வேண்டாம்' கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மும்பையைச் சுத்திக் கடல்தானே? படகு இருந்தா கொலாபாவுலயே குதிச்சு டைவ் பண்ணலாமே?

குதிக்கலாம், எதையும் பார்க்க முடியாது. தாணே கழிமுகமும் உல்லாஸ் ஆறும் கொண்டுவந்து கொட்டும் சேறு ஒரு பக்கம், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் நீர்மட்டம் இன்னொரு பக்கம், இரண்டும் சேர்ந்து அடியில் கிடக்கும் வண்டலைக் கலக்கிக்கொண்டே இருக்கும். நீட்டிய கை உங்களுக்கே தெரியாது. துறைமுகத்தில் வேலையாக இறங்கும் டைவர்கள் தடவித் தடவித்தான் வேலை பார்க்கிறார்கள். அதோடு சரக்குக் கப்பல், கடற்படைக் கப்பல், எலிஃபன்டா படகு, மாண்ட்வா படகு என்று நாள் முழுக்க ஓடுகிற பாதை அது, நடுவில் தலையை நீட்டி மேலே வருகிற இடமில்லை.

கீழே வரும் பாதிப் பதில்கள் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன: உங்கள் வீடு இருக்கும் ஊரில் டைவ் பண்ணத் தண்ணீர் இல்லை.

அப்ப மும்பைக்காரங்க எங்கதான் போறாங்க?

பக்கத்தில் என்றால் மால்வண், தார்கர்லி. கொங்கன் கன்யாவில் ராத்திரி ஏறினால் காலையில் குடால், அங்கிருந்து ஆட்டோவோ ஜீப்போ. சிந்துதுர்க் கோட்டையைச் சுற்றி ஆழம் குறைவு, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நல்ல இடம். கோவாவில் கிராண்ட் தீவுப் பக்கம் மூழ்கிய கப்பல்கள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது முருடேஷ்வரிலிருந்து 19 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நேத்ராணி. குர்லா டெர்மினஸில் மத்ஸ்யகந்தா பிடித்தால் போய்விடலாம், நவம்பர் முதல் பிப்ரவரி வரை தண்ணீர் தெளிவாக இருக்கும். விடுமுறையும் காசும் இருந்தால் அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு.

மும்பையிலிருந்து மால்வணுக்குக் கடல் வழியாகவே சுமார் 170 கடல் மைல். 15 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 15 கடல் மைல், விடாமல் ஓட்டினாலும் பதினோரு மணி நேரத்துக்கு மேல். படகை மும்பையில் வைத்துக்கொண்டு சனி ஞாயிறு மால்வணில் டைவ் செய்வது நடக்காத காரியம். அப்போது படகை மால்வணில் நிறுத்த வேண்டும், நீங்கள் முலுண்டில் உட்கார்ந்துகொண்டு அதை போனில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சீட் போட்டுப் போறது, முழுப் படகு எடுக்கறது, லைவ்அபோர்டு, எல்லாம் சார்ட்டர்தானா?

எல்லாமே வாடகைதான், ஆனால் வேறு வேறு சரக்கு. சீட் என்றால் டைவ் கடையின் படகில் உங்களுக்கு ஓர் இடம், இரண்டு சிலிண்டர், எடைகள், ஒரு வழிகாட்டி. எங்கே போவது, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் கடைக்காரர் கையில். முழுப் படகு என்றால் அதே படகை, அதே ஆட்களோடு, அன்றைக்கு உங்கள் கூட்டத்துக்கு மட்டும் எடுப்பது. லைவ்அபோர்டில் படகிலேயே தூங்கி எழுந்து சாப்பிட்டு நாலைந்து நாள் டைவ் செய்வீர்கள், மாலத்தீவில் இது பெரிய தொழில். 'சார்ட்டர் பிடிக்கவில்லை' என்று என்னிடம் சொல்கிறவர்களில் அநேகம் பேர் சீட் மட்டும்தான் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

சார், ஒரு டைவ் படகு என்ன விலை வரும்?

ரப்பர் படகிலிருந்து கேபின் வைத்த படகு வரை எத்தனையோ இருக்கிறது, ஒரே விலை சொல்ல முடியாது. ஆனால் வரியைச் சொல்லலாம். உல்லாசத்துக்கும் விளையாட்டுக்குமான படகுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம். அதாவது 40 லட்சம் என்று ஒருவர் விலை சொன்னால் அது வரிக்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள், முன்னால் என்றால் 56 லட்சம் எடுத்து வைக்க வேண்டும்.

அப்புறம் வாங்கிய பிறகான செலவு. நங்கூரமிடும் இடத்துக்கு வாடகை, இன்ஷூரன்ஸ், எஞ்சின் சர்வீஸ், அடிப்பாகத்தில் ஒட்டும் கொட்டலசைச் சுரண்டி மறுபடி பெயின்ட் அடிப்பது, துருப்பிடிக்காமலிருக்கப் போடும் துத்தநாகக் கட்டியை மாற்றுவது, வருஷா வருஷம் கரையேற்றி இறக்குவது. படகுக்காரர்கள் மத்தியில் வழக்கமான கணக்கு, வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு வருஷமும் போகும் என்பது. உப்புத் தண்ணீரும் நம் ஊர் வெயிலும் சேர்ந்தால் அது குறைச்சலான கணக்கு என்றே சொல்வேன்.

வருஷத்துக்கு எத்தனை தடவை போனா சொந்தப் படகு கட்டுப்படியாகும்?

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம், எண்களை உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்த்து 40 லட்சத்துக்கு ஒரு பழைய படகு கிடைத்தது என்று வையுங்கள். பராமரிப்பு வருஷத்துக்கு 4 லட்சம். படகைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், மாதம் 25,000 என்றால் 3 லட்சம், மழைக்காலத்திலும் சம்பளம் உண்டு. அந்த 40 லட்சத்தை 7 சதவீத ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டிருந்தால் வந்திருக்கும் 2 லட்சத்து 80 ஆயிரத்தையும் சேர்க்க வேண்டும், இதை எல்லோரும் வசதியாக மறந்துவிடுவார்கள். ஆக, வருஷத்துக்கு 9 லட்சத்து 80 ஆயிரம்.

சீசன் அக்டோபர் முதல் மே வரை. அதில் தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போவது, பிள்ளைகள் பரீட்சை, ஆபீஸ், காற்று சரியில்லாத வாரம் எல்லாம் போக, வேலைக்குப் போகிற மனிதர் இருபது நாள் டைவ் செய்தால் அவருக்குக் கொடுத்துவைத்த வருஷம். நாளுக்கு 49,000 ரூபாய். இதில் பெட்ரோல் இல்லை, சிலிண்டரில் காற்று இல்லை, மால்வணில் தங்கும் செலவு இல்லை. இரண்டு டைவுக்கு ஒரு சீட் என்ன விலை என்று நேத்ராணியிலோ மால்வணிலோ ஒரு கடைக்குப் போன் போட்டுக் கேட்டு, இதோடு வைத்துப் பாருங்கள். வருஷத்தில் எண்பது நூறு நாள் தண்ணீரில் இருக்கிறவருக்குத்தான் இந்தக் கணக்கு திரும்பும், அப்படி இருக்கிறவர் மும்பையில் வேலை பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

நாங்க நாலு ஃபிரண்ட்ஸ் சேர்ந்து வாங்கினா செலவு நாலா பிரியுமே அண்ணா?

செலவு நாலாகப் பிரியும், டிசம்பர் கடைசி வாரம் பிரியாது. எல்லோருக்கும் அதே லீவு, அதே நல்ல வாரம்தான் வேண்டும். அப்புறம் ஒருத்தருக்கு சிங்கப்பூருக்கு மாற்றல் வரும், அவர் பங்கை யார், என்ன விலைக்கு வாங்குவது என்ற பேச்சு வரும். ஒருத்தர் புரொப்பெல்லரைப் பாறையில் தட்டிவிட்டு 'முன்னாடியே அப்படித்தான் இருந்தது' என்பார்.

கூட்டாக வாங்கத்தான் வேண்டும் என்றால், வெளியேறுவது எப்படி, சேதத்துக்கு யார் பொறுப்பு, பதிவு யார் பெயரில், இன்ஷூரன்ஸில் யாரெல்லாம் ஓட்டலாம் என்று எழுதியிருக்கிறது, இந்த நான்கையும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து போட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். எழுத சங்கடமாக இருக்கிறது என்று சொல்லும் நண்பரோடு படகு வாங்காதீர்கள், அவரோடு சினிமாவுக்குப் போங்கள்.

மீனவங்க ஃபைபர் படகு மலிவா கிடைக்குதே, அதை வாங்கி டைவ் படகா மாத்திக்கிட்டா?

படகு நல்ல படகுதான். ஆனால் அது மீன்பிடிப் படகாகப் பதிவானது, பதிவின் வகையை மாற்றாமல் ஆளை ஏற்றிக்கொண்டு டைவுக்குப் போனால் கடலோரக் காவல் நிறுத்தும் முதல் இடத்திலேயே பதில் சொல்ல முடியாது, இன்ஷூரன்ஸும் கைவிரித்துவிடும்.

அமைப்பிலும் சிக்கல் இருக்கிறது. டைவ் முடிந்து ஏறும் நேரத்தைப் பாருங்கள். படகு அலையில் ஒரு மீட்டர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், முதுகில் சிலிண்டரும் இடுப்பில் எடையுமாக நீங்கள் ஏணியைப் பிடிப்பீர்கள். ஏணியின் அடிப்படி தண்ணீருக்குள் முக்கால் மீட்டராவது இறங்கியிருந்தால்தான் காலை வைக்க முடியும். இல்லையென்றால் விளிம்பைப் பிடித்துத் தொங்க வேண்டும், மேலேயிருந்து இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து மூட்டையை ஏற்றுகிற மாதிரி இழுப்பார்கள், நெஞ்சு முழுக்கச் சிராய்ப்பு. சிலிண்டர் உருளாமல் நிறுத்தத் தாங்கி வேண்டும், நிழல் வேண்டும், ஒன்று நின்றால் இன்னொன்றில் கரைசேர இரட்டை எஞ்சின் வேண்டும். இதெல்லாம் போட்டு முடித்தால் மலிவு எங்கே போனது என்று தெரியாது.

நாலு பேருமே டைவர்ஸ். எல்லாரும் தண்ணிக்குள்ள போயிட்டா படகை யார் பார்ப்பா? நங்கூரம் போட்டுட்டு இறங்கினா போதாதா?

போதாது. எல்லாக் கேள்விகளிலும் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும், ஆனால் பணக் கணக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் வருகிறது. நங்கூரம் வழுக்கும், கயிறு பாறையில் அறுந்துபோகும். நீரோட்டம் நீங்கள் இறங்கிய பிறகு திசை மாறும், நீங்கள் மேலே வரும்போது படகு இருநூறு மீட்டர் தள்ளி இருக்கும், எதிர்நீரில் சிலிண்டரோடு நீந்தி அதைப் பிடிக்க முடியாது. படகு இருந்த இடத்தில் வெறும் தண்ணீரைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் ஒருவர் மேலேயே இருக்க வேண்டும், அவருக்குப் படகு ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், வெறுமனே உட்கார்ந்திருக்கிற மச்சான் உதவ மாட்டார். குமிழிகள் போகும் திசையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், டைவர்கள் பக்கத்தில் வந்ததும் கியரை நியூட்ரலில் போட வேண்டும், ஏறும்போது எஞ்சினையே அணைக்க வேண்டும். டைவர் கொடி கட்டியிருக்கிறோமே என்று நம்பியும் இருக்க முடியாது, வேகமாக வருகிற எல்லாப் படகுக்காரருக்கும் அந்தக் கொடி என்னவென்று தெரியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நாலு பேரில் முறை வைத்து ஒருவர் மேலே இருந்தால் ஒவ்வொருவரும் டைவில் கால்வாசியை இழக்கிறீர்கள். வேண்டாமென்றால் ஒரு தாண்டேலை, அதாவது படகோட்டியை, சம்பளத்துக்கு வைக்க வேண்டும், நல்ல தாண்டேல் யாரும் இருபது நாள் வேலைக்கு வர மாட்டார். வாடகைப் படகில் நீங்கள் கொடுக்கும் காசில் ஒரு பங்கு இந்த மனிதருக்குப் போகிறது, போக வேண்டியதும் அங்கேதான்.

சிலிண்டர் எங்க ரொப்பறது? ஒரு சின்ன கம்ப்ரஸர் வாங்கிட்டா முடிஞ்சுதே?

முதலில் காற்றுக் கணக்கு. வழக்கமான 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் 2,200 லிட்டர் காற்று. 50 பாரை மிச்சம் வைத்து மேலே வர வேண்டும், ஆக உபயோகத்துக்கு 1,650 லிட்டர். மேற்பரப்பில் நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறவர் 20 மீட்டர் ஆழத்தில் மூன்று மடங்கு, அதாவது 60 லிட்டர் இழுப்பார். 27 நிமிஷம். நாலு பேர், இரண்டு டைவ் என்றால் எட்டு சிலிண்டர்.

கையில் தூக்குகிற மாதிரிக் கம்ப்ரஸர்கள் நிமிஷத்துக்கு 100 லிட்டர் பக்கம் கொடுக்கும், ஒரு சிலிண்டருக்குப் பதினாறு பதினேழு நிமிஷம், எட்டுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்கு மேல். டைவ் முடித்துக் களைத்து வந்தவர் சாயங்காலம் அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஈரம் வடித்து, அழுத்தம் பார்த்து, ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். நேரத்தைக்கூட விடுங்கள், காற்று உள்ளே போகும் குழாயின் வாய் எஞ்சின் புகைக்குப் பக்கத்தில் இருந்தால் சிலிண்டருக்குள் கார்பன் மோனாக்ஸைடு போகும். அதற்கு வாசனை இல்லை. கரையில் தலைவலி வருகிற அளவு விஷம், ஆழத்தில் அழுத்தத்தால் பல மடங்காக வேலை செய்யும். குழாயைக் காற்று வரும் பக்கம் உயரக் கட்டுவது, ஃபில்டரை மணிக்கணக்குப் பார்த்து மாற்றுவது எல்லாம் தினசரிச் சடங்கு மாதிரி செய்கிற ஆளுக்குத்தான் கம்ப்ரஸர்.

சிலிண்டர்களும் சும்மா வாங்கி அடுக்குகிற பொருளில்லை. 2016ஆம் வருஷத்து வாயு சிலிண்டர் விதிகளுக்குள் வருகின்றன, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ, அதாவது மத்திய அரசின் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, அவற்றைக் கவனிக்கிறது, குறிப்பிட்ட இடைவெளியில் நீரழுத்தச் சோதனை செய்து முத்திரை வாங்க வேண்டும். சொந்தப் படகு வைத்திருக்கிறவர்களிலும் விவரமானவர்கள் காற்றைக் கடையில்தான் வாங்குகிறார்கள். கடையோடு நல்ல உறவு இருக்க வேண்டும், அவர்களுக்கு வாடிக்கையாளர் நிரம்பிய ஞாயிற்றுக்கிழமை உங்கள் சிலிண்டர் கடைசியில்தான் வரும்.

மழைக்காலத்துல படகை என்ன பண்றது?

கரையேற்றிக் கட்டிவைத்துவிட்டு நல்ல உறையாகப் போட வேண்டும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேற்குக் கரையில் டைவ் கிடையாது, கேட்வேயிலிருந்து மாண்ட்வா போகிற சின்னப் படகுகளே நின்றுவிடும், மீன்பிடித் தடையும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மும்பையில் முழுசான மெரினா என்று சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்று இல்லாததால் கேட்வே முன்னால் மிதவையில் கட்டிக்கிடக்கும் படகுகளை மே மாதமே அப்புறப்படுத்தியாக வேண்டும். வருஷத்தில் நாலு மாதம் யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான்.

பேப்பர் வேலை என்னென்ன? கார் மாதிரி ஆர்.சி., லைசென்ஸ், அவ்வளவுதானா?

2008 நவம்பர் 26 தாக்குதலை நடத்தியவர்கள் கடல் வழியாக வந்து கொலாபா மீனவர் குடியிருப்பில் ரப்பர் படகில் இறங்கினார்கள், அதை மும்பை மறக்கவில்லை. அதற்குப் பிறகு பதிவில்லாத படகு, அடையாளமில்லாத ஆட்கள் என்றால் கடலோரக் காவல் விளையாடுவதில்லை, நியாயம்தான். பதிவு, தகுதிச் சோதனை, ஓட்டுகிறவருக்குச் சான்றிதழ், இன்ஷூரன்ஸ், ஏறுகிற ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு ஜாக்கெட், விஎச்எஃப் வயர்லெஸ், அந்த வயர்லெஸுக்கு தொலைத்தொடர்புத் துறையிடம் தனி உரிமம். மகாராஷ்டிராவில் நீங்கள் போக வேண்டிய முதல் அலுவலகம் மாநில கடல்சார் வாரியம்.

உள்நாட்டுக் கலங்களுக்கு 2021இலும் வணிகக் கப்பல்களுக்கு 2025இலும் புதுச் சட்டங்கள் வந்துவிட்டன, அதனால் 'என் மாமா அப்போ இப்படித்தான் பண்ணினார்' என்கிற யோசனையைக் கேட்காதீர்கள்.

சீட் போட்டுப் போனா டிஎஸ்டி (முதல் தடவை ஸ்கூபா முயற்சி பண்ற) கூட்டத்தோட கலந்து விட்டுடறாங்க, அரை மணியில மேல வான்னு கையைக் காட்டறாங்க. இதுக்கு சொந்தப் படகு தேவலையே?

இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. முதல் தடவை முயற்சிக்கிறவர்கள் 12 மீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது, படகும் அவர்களுக்கு ஏற்ற இடத்தில்தான் நிற்கும், சான்றிதழ் வைத்திருக்கிற நீங்கள் அதே இடத்தை நாலாவது தடவை சுற்றுவீர்கள். ஒரு செல்ஃபி, ஒரு மீன், மேலே.

ஆனால் இதற்கு மருந்து முழுப் படகு எடுப்பது. ஆறு பேர் சேருங்கள், ஒரே மட்டத்தில் டைவ் செய்கிறவர்களாக. வெள்ளிக்கிழமையாகவோ திங்கட்கிழமையாகவோ கேளுங்கள், கடைக்காரருக்குக் கூட்டமில்லாத நாள், விலையிலும் இறங்கி வருவார். எந்த இடம், எத்தனை டைவ், எத்தனை நிமிஷம், காற்று எந்த அளவில் திரும்புவது, நடுவில் மேலே எவ்வளவு நேரம் என்று முன்பணம் கொடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். முக்கியமாக, படகை மட்டும் பார்க்காதீர்கள், தாண்டேலைக் கேட்டு வாங்குங்கள். நேத்ராணியில் எந்தப் பாறையருகே எந்த நேரம் நீரோட்டம் தணியும் என்று தெரிந்த மனிதர் ஒருவரைப் பிடித்துவிட்டால் அடுத்த சீசனும் அவர் இருக்கிற நாளுக்கே தேதி கேளுங்கள். இரண்டு சீசன் இப்படிப் போனீர்கள் என்றால் அந்தப் படகு கிட்டத்தட்ட உங்கள் படகு மாதிரியே ஓடும், ஜூன் மாதம் அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை.

நல்ல சார்ட்டர், மோசமான சார்ட்டர், ஏறும்போதே எப்படிக் கண்டுபிடிக்கறது?

தலை எண்ணுகிறார்களா என்று பாருங்கள். 1998 ஜனவரி 25 அன்று ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃபில் ஓர் அமெரிக்கத் தம்பதியை விட்டுவிட்டு அவர்கள் வந்த டைவ் படகு கரைக்குத் திரும்பிவிட்டது, இரண்டு நாள் கழித்துத்தான் ஆள் குறைவதே தெரிந்தது. அவர்கள் கிடைக்கவே இல்லை. பெயர் சொல்லி, முகம் பார்த்து, பட்டியலில் குறித்துக்கொள்கிற படகில்தான் நான் ஏறுவேன். 'எல்லாரும் வந்தாச்சா?' என்று பொதுவாகக் கத்துவது எண்ணிக்கை இல்லை.

ஆக்ஸிஜன் பெட்டி எங்கே என்று கேளுங்கள், இருக்கிறது என்று சொன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள், மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வாயில் கடித்து மூச்சு இழுக்கும் உங்கள் ரெகுலேட்டரைப் போட்டு இரண்டு மூச்சு இழுங்கள், எண்ணெய் வாடை வந்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம். ராத்திரி தங்குகிற லைவ்அபோர்டு என்றால் கீழ்த்தளத்திலிருந்து வெளியேற இரண்டாவது வழி, இரவில் விழித்திருக்கும் காவல் ஆள், இரண்டையும் விசாரியுங்கள். 2019 செப்டம்பர் 2 அதிகாலை கலிஃபோர்னியாவில் கன்செப்ஷன் என்ற டைவ் படகு தீப்பிடித்து, கீழே தூங்கிக்கொண்டிருந்த 34 பேர் செத்தார்கள், ரோந்து பார்க்க ஆளை நிறுத்தவில்லை. கேமரா பேட்டரியைத் தூங்கும் இடத்தில் சார்ஜில் போடாதீர்கள்.

ஏதாவது ஆயிட்டா யாரைக் கூப்பிடறது? சொந்தப் படகுல இது கஷ்டமா?

விஎச்எஃபில் சானல் 16, போனில் கடலோரக் காவல்படையின் 1554. மேலே வந்த பிறகு மூட்டு வலி, மரத்துப்போவது, தலைசுற்றல் என்றால் 'அஜீரணமா இருக்கும்' என்று சோடா குடிக்காமல் உடனே நூறு சதவீத ஆக்ஸிஜன் கொடுத்து டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். இதற்குச் சிகிச்சை கொடுக்கிற அழுத்தக் கலன் எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது. மும்பையில் கடற்படையின் ஐஎன்எச்எஸ் அஸ்வினியில் இருக்கிறது, ஆனால் நீங்கள் டைவ் செய்வது மும்பையில் இல்லையே. அதனால் எந்த ஊருக்குப் போனாலும் பக்கத்துக் கலன் எங்கே, எத்தனை மணி நேரம் என்று கடையில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், டைவிங் இன்ஷூரன்ஸும் எடுங்கள். சொந்தப் படகில் இந்த ஏற்பாடு முழுக்க உங்கள் தலையில், அதுவும் அடிபட்டது உங்களுக்காகவே இருக்கலாம்.

சொந்தப் படகுன்னா நேரம் நம்ம கையில. ஞாயிறு காலையில டைவ் முடிச்சு சாயங்காலம் கோவாவுல ஃப்ளைட் பிடிச்சுடலாம்ல?

ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜனுக்குப் படகு யாருடையது என்று தெரியாது, அது வெளியேறுவதற்குள் உயரத்துக்குப் போனால் உடம்புக்குள்ளேயே குமிழியாகிவிடும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்கலாம். ரயிலில் போகிற நமக்கு இது சாதகம், கொங்கன் பாதை தாழ்வாகவே போகிறது.

மறந்துபோகிற ஒன்று மலைப்பாதை. மால்வணில் மத்தியானம் வரை டைவ் செய்துவிட்டு, அப்படியே அம்போலி வழியாகக் கோலாப்பூர் மகாலட்சுமியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். அம்போலி சுமார் 690 மீட்டர் உயரம். பறப்பதற்கான காத்திருப்பு 600 மீட்டருக்கு மேலேயே ஆரம்பித்துவிடுகிறது. முதலில் அம்பாளைப் பார்த்துவிட்டு அப்புறம் கடலுக்கு இறங்குங்கள்.

அங்க்ரியா பாங்குக்கு எந்தக் கடையும் கூட்டிட்டுப் போகல. அதுக்காவது படகு வாங்கலாமா?

விஜயதுர்க்கிலிருந்து 105 கிலோமீட்டர் மேற்கே, கடலுக்குள் மூழ்கிய பீடபூமி, மேல்தளமே சுமார் 20 மீட்டர் ஆழத்தில்தான் தொடங்குகிறது. யாருக்கும் ஆசை வரும். 105 கிலோமீட்டர் என்பது 57 கடல் மைல், 15 நாட் வேகத்தில் போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். இரண்டு 100 குதிரைத்திறன் எஞ்சினும் சேர்ந்து நிதானமான ஓட்டத்தில் மணிக்கு 40 லிட்டர் என்று வைத்தால் 300 லிட்டருக்கு மேல், மூன்றில் ஒரு பங்கைக் கைவைக்காமல் மிச்சம் வைக்கும் வழக்கப்படி 450 லிட்டர் பெட்ரோல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒதுங்க ஒரு கரை கிடையாது, ஆழம் அதிகம், உதவி வர மணிக்கணக்கு ஆகும். சனி ஞாயிறுக்காரர் வாங்கும் சின்னப் படகு போகிற இடமே இல்லை அது. ராத்திரி தங்கக்கூடிய பெரிய கலமும் அனுபவமுள்ள ஆட்களும் சேர்ந்த பயணம் யாராவது ஏற்பாடு செய்தால் அதில் சீட் வாங்குங்கள்.

படகு வாங்கிட்டு, ஃபிரண்ட்ஸ்கிட்ட பெட்ரோல் காசு வாங்கினா தப்பா? இல்ல சும்மா நிக்கற நாள்ல டைவ் கடைக்கே வாடகைக்கு விட்டா?

கூட வந்த நண்பர்கள் பெட்ரோலைப் பங்குபோட்டுக்கொள்வது ஒன்று, ஆளுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்து வாங்குவது வேறு. இரண்டாவதில் நீங்கள் வியாபாரம் செய்கிறீர்கள், சொந்த உபயோகம் என்று எழுதிய பதிவும் இன்ஷூரன்ஸும் அதைத் தாங்காது. நடுவில் எதுவரை சரி என்பதை இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்கு விடுவது காகிதத்தில் அழகாக இருக்கும். முதலில் படகை வணிக வகையில் பதிவு செய்ய வேண்டும். அப்புறம் கடைக்கு வாடகைப் படகு தேவைப்படுவது எப்போது? டிசம்பரில், நீண்ட வார இறுதிகளில். உங்களுக்கும் அப்போதுதான் வேண்டும். உங்கள் படகுக்கு நீங்களே வரிசையில் நிற்பீர்கள், பிப்ரவரியில் போய்ப் பார்த்தால் ஏணியில் ஒரு படி இருக்காது.

சரி, நான் ரிட்டையராகித் தூத்துக்குடிப் பக்கமே போயிடப் போறேன். இப்பவாவது வாங்கலாமா?

இப்போது கேள்வியே மாறிவிட்டது. வீடும் படகும் ஒரே ஊரில், வாரத்தில் எந்த நாளும் கடல் அமைதியாக இருந்தால் கிளம்பலாம், ஃபைபர் படகு கட்டுகிறவர்களும் அவுட்போர்டு எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் போடுகிற மெக்கானிக்குகளும் பக்கத்தில், பேசுகிற மொழியும் நம் மொழி. முன்னால் போட்ட கணக்கில் அந்த இருபது நாளை எண்பதாக்கிப் பாருங்கள். படகைப் பார்த்துக்கொள்வதே உங்களுக்குச் சந்தோஷம் என்றால் வாங்குங்கள், டைவ் மட்டும்தான் சந்தோஷம் என்றால் அங்கேயும் வாடகைதான் சொல்வேன்.

இரண்டு விஷயம் மட்டும். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரைக்குமான 21 தீவுகள் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன, 1986லிருந்து. சொந்தப் படகு இருக்கிறது என்பதற்காகத் தீவுப் பக்கம் போய் நங்கூரம் போட முடியாது, வனத்துறையிடம் எங்கே அனுமதி உண்டு, எங்கே இல்லை என்று கேட்டுவிட்டுத்தான் படகையே பார்க்கப் போக வேண்டும். பவளத்தின் மேல் நங்கூரம் விழுந்தால் அது வனவுயிர்ச் சட்ட விவகாரம். இரண்டாவது, பழைய படகு என்றால் உடலையும் எஞ்சினையும் தனித்தனியாக விலை பேசுங்கள், எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்க்க உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், விற்கிறவருடைய மெக்கானிக் வேண்டாம். தண்ணீரில் இறக்கி ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.